அப்பப்பாவிடம் சொல்லாதே என்று மகளிடம் சொன்னவருக்கு

கேள்வி: எனக்கு 34 வயது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் மனைவி, மகளோடு இருக்கிறேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் பெற்றோர் அதே வீட்டின் மேல்மாடியில் இருக்கிறார்கள். ஐந்தாம் பிரிவுக் கால்பந்துக் கழகம் ஒன்றில் வலது பக்கப் பின்கள வீரனாகப் பல வருடம் ஆடினேன். கடைசி ஆறு வருடம் அணித்தலைவர். போன வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை. இனி ஆடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கழகத்தின் விளையாட்டு இயக்குநர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அவரோடு இருந்து வேலை பழகச் சொல்கிறார்கள். வேலை என்றால் என்ன, வார இறுதியில் இளையோர் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, பையன்களின் பெற்றோருக்குத் தொலைபேசி எடுப்பது. அதற்கு ஒரு சிறு கொடுப்பனவு. ஆறு வருடம் தலைவனாக இருந்தவனுக்கு இது அவமானம் இல்லையா? இந்த ஊரின் பெரிய கழகமான வெர்டர் பிரேமனில் கிளெமென்ஸ் ஃபிரிட்ஸ் என்னைப் போல வலது பக்கம் ஆடியவர், தலைவராகவும் இருந்தவர். அவரை உச்சியில் உட்கார வைத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? மனைவி ஒப்புக்கொள்ளச் சொல்கிறாள். அப்பாவுக்கு இதய வருத்தம் என்பதால் நான் ஆட்டத்தை விட்டது அவருக்குத் தெரியாது; ஞாயிறுகளில் இப்போதும் பையோடுதான் வெளிக்கிடுகிறேன், அப்பப்பாவிடம் சொல்லக்கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கழகத்துக்கு என்ன பதில் சொல்லட்டும்?

பதில்:

தம்பி, முழங்கால் போனதற்கு நான் ஆறுதலாக நாலு வரி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. ஒரு தொழிலில் தலை நிமிர்ந்து நின்றவர்கள் அது கைவிட்டுப் போனதும் எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லோரும் ‘என்னை ஏன் கீழே இறக்குகிறார்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். நீங்களும் அதையே கேட்டுவிட்டு, நடுவில் ஓர் அரைப்புள்ளியைப் போட்டு, அதன் பின்னால் உண்மையான விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பை.

மாதக்கணக்கில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டிப் போகிறீர்கள். எங்கே போகிறீர்கள்? அதை எழுதவில்லை. ஆட்டம் முடிகிற நேரம்வரை காரில் உட்கார்ந்திருக்கிறீர்களா, வெசர் ஆற்றங்கரையில் நடக்கிறீர்களா? திரும்பி வந்ததும் பைக்குள் இருக்கும் சட்டையும் காலுறையும் என்ன ஆகின்றன? உங்கள் அம்மா அந்தப் பையை ஒரு தடவைகூடத் திறந்திருக்க மாட்டார் என்று நம்புகிறீர்களா? புல் கறை ஏறிய காற்சட்டையை இருபது வருடம் ஊறவைத்துத் துவைத்த கை அது. மடிப்புக் கலையாமல் திரும்பி வரும் சட்டையைப் பார்த்தால் அவருக்குப் புரியாதா? நீங்கள் இருப்பதோ, ஐந்தாம் பிரிவு ஆட்டத்துக்கும் யார் இறங்கினார், யார் வெளியே போனார் என்று இணையத்தில் பட்டியல் போடுகிற நாடு. மகன் பெயரைத் தேடிப் பார்க்காத அப்பா உண்டா? அவருக்குத் தெரிந்தே இருக்கலாம். நீங்களாகச் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கலாம். இதய வருத்தம் உள்ள மனிதரை இப்படிக் காக்க வைப்பதுதான் அவரைப் பாதுகாப்பதா?

சரி, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். பெற்றவரிடம் மறைத்தது ஒரு பிழை. அதற்குக் காவலாகக் குழந்தையை நிறுத்தினீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மடியில் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை முழுக்கச் சொல்லக்கூடிய ஒரே இடம் அவளுக்கு அப்பப்பாதான். அங்கே போய் உட்காரும்போது, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அவள் இப்போது யோசிக்க வேண்டும். ‘அப்பா எங்கே?’ என்று அவர் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் கௌரவத்தைச் சுமக்கிற வயதா அவளுக்கு?

இதற்கும் கழகத்து வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாச் சம்பந்தமும் உண்டு. அதற்கு நீங்களே இழுத்து வந்த ஃபிரிட்ஸிடம் போவோம்.

அவரை உச்சியில் உட்கார வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வருடம் என்று பார்த்தீர்களா? எர்ஃபுர்ட்டில் பிறந்து, அந்த ஊர் அணியில் தொடங்கி, லைப்சிக், கார்ல்ஸ்ரூஹே, லெவர்குசன் என்று அலைந்து 2006இல் பிரேமனுக்கு வந்தவர் அவர். தேசிய அணிக்கு 22 ஆட்டங்கள். 2008 யூரோ கோப்பையில் முதல் சுற்று ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே இறங்கினார். இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராக மற்றவர்கள் ஆட, அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் பெர்லினில், தன் பழைய அணியான லெவர்குசனை வென்று ஜெர்மன் கோப்பை. அப்புறம் பல வருடம் தலைவர் பட்டை. 2017இல் ஆட்டம் முடிந்தது. கால்பந்துப் பிரிவின் நிர்வாக இயக்குநர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது 2024 கோடையில்.

நடுவில் ஏழு வருடம் போயிருக்கிறது. ஆடி முடித்த கையோடு அதே கிளப்பில் வேலை பழகுபவராகச் சேர்ந்து, ஒவ்வொரு துறையாகக் கற்றுக்கொண்டார். ஆள் தேடும் பிரிவில் இருந்தார், பிறகு அதையே பொறுப்பேற்று நடத்தினார். பதினோரு வருடம் அந்தக் கிளப்புக்கு ஆடியவர், 22 முறை நாட்டின் சட்டை போட்டவர், அலுவலகத்தில் புதுப் பையனாக உட்கார்ந்தார். உங்களுக்கு அவமானமாகத் தெரிகிற ‘ஆட்டம் பார்த்துக் குறிப்பு எழுதுகிற வேலை’தான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த ஃபிராங்க் பவுமனும் இதே வழியில் வந்தவர்தான். 2004இல் லீக்கும் கோப்பையும் ஒரே வருடத்தில் வென்ற அணியின் தலைவர் பவுமன். 2009இல் ஆடி முடித்தார். விளையாட்டுப் பொறுப்பு முழுதாக அவர் கைக்கு வந்தது 2016இல். அங்கேயும் ஏழு வருடம்! உங்களிடம் இரண்டு வருடம்தான் கேட்கிறார்கள்.

முழங்காலை மட்டும் காரணம் காட்டாதீர்கள். மத்தியாஸ் சாமர் பின்களத்திலிருந்து அணியையே நடத்தியவர், 1996இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கியவர். அடுத்த வருடமே முழங்கால் அவரை நிறுத்திவிட்டது. பிறகு பயிற்சியாளராகி, ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கும் பயர்ன் மியூனிக்குக்கும் விளையாட்டு இயக்குநராக இருந்தார்.

ஃபிரிட்ஸிடம் நான் மதிப்பது வேறொன்று. 2016 தொடக்கத்தில், இந்த சீசனோடு போதும் என்று அறிவித்தார். அந்த வருடம் பிரேமன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் நிலைக்குப் போய், கடைசி நாளில் ஃபிராங்க்ஃபுர்ட்டை 1-0 என்று வென்று தப்பியது. கோல் விழுந்தது ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது. முதலில் சொன்னதை மாற்றிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஆடுகிறேன் என்றார். அதையும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருட நடுவில் கணுக்கால் போனது. முடிந்தது என்று ஒப்புக்கொண்டார். நிறுத்துகிறேன், தொடர்கிறேன், முடிந்துவிட்டது என்று மூன்று முறை ஊரறியச் சொன்ன மனிதர் அவர். நீங்கள் மேல்மாடிக்குப் போய் ஒரு முறை சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

விளையாட்டு இயக்குநரின் வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்? பத்திரிகையில் படம் வருவது புது வீரரோடு கை குலுக்கும்போது. மிச்ச நாளெல்லாம் பிடிக்காத செய்தியை நேருக்கு நேர் சொல்வதுதான். ‘உனக்கு ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டோம்.’ ‘உங்கள் மகன் அடுத்த வருடம் இந்த அணியில் இல்லை.’ 2021இல் பிரேமன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதும் வீரர்களை விற்கவேண்டி வந்தது. ரஷிட்சாவும் சார்ஜென்டும் இங்கிலாந்தின் நார்விச்சுக்குப் போனார்கள், மாக்சிமிலியான் எகஸ்டைன் ஃபிரைபுர்க்குக்குப் போனார். எகஸ்டைன், ஃபிரிட்ஸ் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அணிக்குள் வந்த இளைஞர். ஒரே உடைமாற்றும் அறையில் அவரோடு உட்கார்ந்த ஃபிரிட்ஸ் அப்போது அலுவலகப் பக்கம் இருந்தார். 2025 மேயில் பயிற்சியாளர் ஓலே வெர்னர், ஒப்பந்தத்தை நீட்டிக்க விருப்பமில்லை என்றார். அணியை மீண்டும் முதல் பிரிவுக்கு ஏற்றியவர், அந்த சீசனில் எட்டாவது இடத்தில் முடித்தவர். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. இழுத்தடிக்காமல் அப்போதே பிரிந்தார்கள். அந்த முடிவு சரியா என்று பிரேமனில் இன்னும் சண்டை போடுவார்கள். முடிவெடுத்த ஃபிரிட்ஸ் அதைத் தள்ளிப்போடவில்லை, அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இப்போது உங்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவனின் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து ‘உங்கள் மகனை அடுத்த கட்டத்துக்கு எடுக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். சொல்வீர்களா? அல்லது அந்தப் பையனை ஒரு வருடம் பையோடு வந்து போக விடுவீர்களா? சொந்த அப்பாவிடம் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல முடியாதவர், அடுத்தவர் மகனைப் பற்றிய உண்மையை எப்படிச் சொல்வார்? கழகம் உங்களைத் தாழ்த்திவிட்டது என்கிறீர்கள். அவர்கள் தர நினைக்கிற வேலைக்கு நீங்கள் இன்னும் தகுதியாகவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

குடும்பம் என்றால் நல்ல சேதியை மட்டும் மாடிக்குக் கொண்டுபோவது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பவள் அல்ல. எண்பதுகளில் ஊரை விட்டு, மொழி தெரியாத குளிரில் இறங்கி, கையில் கிடைத்த வேலையைப் பார்த்து வீட்டை நிமிர்த்திய தலைமுறை உங்கள் அப்பாவினுடையது. தெரியாத வேலையைக் கீழேயிருந்து பழகுவதில் என்ன அவமானம் என்று அவரிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியை எனக்கு எழுதுவதற்கு முன் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். வயதான அப்பாவுக்கு மகன் செய்கிற மரியாதை, அவரிடம் யோசனை கேட்பது. நீங்கள் அவரை ஒரு நோயாளியாக மட்டும் ஆக்கிவிட்டீர்கள்.

இதயத்துக்குப் பயந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அவரைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காலையில் அவர் மாத்திரை போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். ‘முழங்கால் விட்டுவிட்டது, மாதக்கணக்கில் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்’ என்று தொடங்குங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். கழகம் என்ன கேட்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஒன்றும் பேசாமல் இருந்தால், அவருக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம்.

அதன் பிறகு கழகத்துக்குப் போய் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி சொன்னது சரி. கொடுப்பனவு எவ்வளவு, செலவுக்கு யார் பொறுப்பு, இரண்டு வருடம் முடிந்ததும் அந்த இடம் உங்களுக்கா இல்லையா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தலைவனாக இருந்தேன் என்று அங்கே பேச்செடுக்க வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெறப்போகும் அந்த மனிதரிடம், பெற்றோருக்கு அவர் எடுக்கிற தொலைபேசி அழைப்புகளின்போது பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். படிக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

கழகத்து விஷயமெல்லாம் அடுத்த வாரம் நடக்கட்டும். இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாடியில் பேசி முடித்து இறங்கியதும் மகளைக் கூப்பிட்டு, அப்பா உன்னிடம் அப்படிச் சொன்னது தப்பு, இனி அப்பப்பாவிடம் நீ எதையும் சொல்லலாம் என்று நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும். மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள்.