கைக்குழந்தை வீட்டுக்கு எந்தப் பழைய கார்?

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். ஐந்து லட்சத்துக்குள் பழைய கார் வேண்டும். சிஎன்ஜி வாங்கலாமா?

பதில்: மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழ்தான் ஓட்டுவீர்கள் என்றால் பெட்ரோல் வேகன் ஆர் போதும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். குழந்தையின் தள்ளுவண்டியை எங்கே வைப்பீர்கள்? 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள், ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது அப்போதுதான். குழந்தை இருக்கையைப் பின்சீட்டில், குழந்தை பின்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று சீட் இடுக்கில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலேயே போய்விடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, அந்த வண்டி வேண்டாம். டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரத் தயாரிப்பு. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் தராதீர்கள்.