பாசனப் பக்கம்: 105 அடி அணையில் 102 அடி தண்ணீர்

பதில் சொல்பவர்: அணைப் பிரிவில் ஓய்வு பெற்ற பணி ஆய்வாளர்

கேள்வி: பவானிசாகர் 105 அடி அணை. ஆனால் ஆகஸ்டில் 102 அடி வந்ததுமே ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். கடைமடையில் நாங்கள் தவிக்கும்போது இது வீண்தானே? (விவசாயி, முத்தூர்)

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அக்டோபர் முடிய 102 அடிதான் என்பது விதி. நவம்பர் பிறந்தால் 105 வரை தேக்கலாம். பவானியும் மாயாறும் சேர்ந்து வரும் இடம் இது. நீலகிரியில் ஒரு ராத்திரி கொட்டினால் போதும், வரத்து மளமளவென ஏறிவிடும். மேலே இடம் காலியாக இருந்தால் அதை வாங்கிக்கொண்டு ஆற்றில் அளவாக விடலாம். நிரப்பி வைத்திருந்தால் வந்ததை வந்தபடியே விட வேண்டியதுதான். சத்தியமங்கலம் முதல் பவானி வரை கரையோரம் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அதோடு இது மண் அணை. 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடித்தார்கள். சுமார் 8 கிலோமீட்டர் நீளத்தில் மதகுகள் இருக்கும் கொஞ்ச தூரம்தான் கட்டுமானம், மிச்சமெல்லாம் மண் கரை. தண்ணீர் அதன் தலைமேல் ஏறினால் அறுத்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் தவிப்புக்கு அந்த மூன்று அடி காரணமில்லை. அணையிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர். வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களையும், பகிர்மான வாய்க்காலில் மேடிட்ட மண்ணையும், முள் புதரையும் கேளுங்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால் கசிவு நிற்கும் என்கிறது ஒரு தரப்பு. கசிவை நம்பியிருக்கும் கிணறுகள் வற்றிவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. தூர் வாரி, மடைகளைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கான்கிரீட்டைப் பேசலாம்.

கேள்வி: அணைக் கரையில் மரம் நட்டால் நிழலாக இருக்குமே? புல்லைக்கூட விடாமல் வெட்டுகிறார்களே? (வாசகி, சத்தியமங்கலம்)

பதில்: நிழலுக்குப் பக்கத்திலேயே பூங்கா இருக்கிறது, அம்மா. கரையில் மரம் வேண்டாம். வேர் உள்ளே இறங்கும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் பொந்தாகித் தண்ணீருக்கு வழிவிடும். பெருச்சாளி வளையும் அப்படித்தான். புல் வேண்டும். மழை கரையை அரிக்காமல் காப்பதே அதுதான். ஆனால் முழங்கால் உயரம் வளர்ந்தால் வளையும் தெரியாது, புதிதாக ஊறும் ஈரமும் தெரியாது.

கசிவு என்றதும் பயந்துவிடாதீர்கள். மண் அணை கசியத்தான் செய்யும். அதை வடிகட்டி வெளியே கொண்டுவரக் கரையின் அடியில் வடிகால் உண்டு. அங்கே வி வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாகத் தண்ணீர் விழும். அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவோம். அணை மட்டம் ஏறினால் கசிவும் கொஞ்சம் ஏறும், அது சகஜம். மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு மட்டும் கூடினாலோ, தெளிந்து வந்த தண்ணீர் கலங்கி வந்தாலோ, உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

கேள்வி: அணையின் உயரம் 120 அடியா, 105 அடியா? (மாணவர், கோபி)

பதில்: இரண்டும் ஒரே மட்டம்தான். அடியில் சேறு, சகதிக்கு 15 அடி கழித்துவிட்டு 105 என்கிறோம். பேப்பரில் தினமும் வருவது அந்தக் கணக்கு. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி).