மங்கோலியாவில் குதிரைச் சவாரி

கேள்வி: நானும் தோழியும் மங்கோலியாவின் தெரெல்ஜ் தேசியப் பூங்காவில் குதிரையில் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் சேணத்தின் வயிற்றுப் பட்டை. கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கால் மணி நேரம் நடந்ததும் பட்டை தளரும், சரிவில் சேணம் புரளும். இறங்கி, வழிகாட்டியிடம் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுங்கள். அங்குள்ள குதிரைகள் அதற்குத்தான் பழகியவை. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் முன்பாதம் மட்டும் இருக்கட்டும். முழுப்பாதமும் நுழைந்தால், விழும்போது கால் மாட்டி இழுபடும். குதிகால் உள்ள பூட்ஸ் இதைத் தடுக்கும்.

இரு குதிரைகளுக்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது விடுங்கள், நெருங்கினால் முன்குதிரை உதைக்கும். தோழி ஏறி அமரும்வரை நீங்கள் நகரவே கூடாது. உங்கள் குதிரை கிளம்பினால் தோழியின் குதிரையும் பின்னாலேயே பாயும். சேணத்தில் இருந்தபடி மழைக்கோட்டு மாட்டாதீர்கள், அது படபடத்தால் குதிரை மிரளும்.