எழுத்து நினைவிருக்கிறது, எண்ணிக்கை மறந்துபோகிறதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளை நான். மருத்துவம் நான்காம் ஆண்டு. அடுத்த மாதம் மனநலப் பிரிவில் போஸ்டிங். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்தும், எத்தனை அறிகுறி, எத்தனை நாள் என்பது குழம்புகிறது. என்ன செய்வது?

பதில்: குழப்பம் உங்களிடம் இல்லை, சுருக்கெழுத்தில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு எல்லோரும் சொல்லித்தரும் 'சிக் ஈ கேப்ஸ்' (SIG E CAPS) எதைத் தருகிறது? தூக்கம், ஈடுபாடு, குற்ற உணர்வு, தெம்பு, கவனம், பசி, உடலசைவு, தற்கொலை எண்ணம். எண்ணிப் பாருங்கள், எட்டுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 மனச்சோர்வு நோய்க்குச் சொல்வது ஒன்பது. விட்டுப்போனது வாடிய மனநிலை, அதாவது பட்டியலின் முதல் அறிகுறி!

ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அட்டை போடுங்கள். அறிகுறிகளுக்கு முன்பே நான்கு வரி எழுதுங்கள்: எத்தனைக்கு எத்தனை, எது கட்டாயம், எவ்வளவு காலம், எது இருந்தால் இந்த நோய் இல்லை. மனச்சோர்வுக்கு: ஒன்பதில் ஐந்து, வாடிய மனம் அல்லது ஈடுபாடு இழப்பு, இரண்டில் ஒன்று கட்டாயம், இரண்டு வாரம், முன்பு மேனியாவோ (அளவுமீறிய உற்சாக நிலை) ஹைப்போமேனியாவோ (அதன் லேசான வடிவம்) வந்திருக்கக்கூடாது, போதைப்பொருளோ தைராய்டு போன்ற உடல்நோயோ காரணமாக இருக்கக்கூடாது. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா அட்டைக்கும் பொது.

அறிகுறிகளைத் தமிழிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

மனசு வாடி, ஆசை அத்து,
பசி தூக்கம் கெட்டு,
அசதி கூடி, அசைவு மாறி,
பழி சுமந்து, புத்தி ஓடாம, சாவ நெனச்சு.

விரல் விட்டு எண்ணினால் ஒன்பது. கட்டாயமான இரண்டும் முதல் அடியிலேயே நிற்கின்றன. பசியும் தூக்கமும் குறையலாம், கூடவும் செய்யலாம். அசைவு மாற்றம் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'எனக்கு மந்தமா இருக்கு' என்ற சொல் மட்டும் போதாது. இந்த வரியில் இன்னொரு நன்மையும் உண்டு. வார்டில் வயதான பாட்டி 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார். 'நெஞ்சு கனக்குது ஐயா, பசியாறக்கூடப் பிடிக்கல' என்பார். அது எந்தச் சொல்லில் விழுகிறது என்று உடனே பிடிபடும். கடைசியில் வரும் 'சாவ நெனச்சு' என்பதைத் தேர்விலும் சரி, நோயாளியிடமும் சரி, அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

கால அளவுகளுக்குச் சுருக்கெழுத்து உதவாது, பாதைதான் உதவும். வீட்டிலிருந்து டவுன் வரை கண்மூடி மனசுக்குள் நடந்து பாருங்கள், வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நோயை நிறுத்துங்கள். லய வாசலில் நாலு கோலம் போட்டும் களைக்காத பெண்: ஹைப்போமேனியா, 4 நாள். பிரட்டுக் களத்தில், தானே பெரிய கிராணி என்று ஏழு நாளாக எல்லோருக்கும் வேலை பிரிப்பவர்: மேனியா, ஒரு வாரம். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தும் எழாமல் இருப்பவர்: மனச்சோர்வு, 14 நாள். லாரி கவிழ்ந்த வளைவை ஒரு மாதம் கடந்தும் சுற்றிக்கொண்டு போகிறவர்: பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்). பஸ் நிலையத்தில் இருவர், யாருமில்லாமலே குரல் கேட்பவரும், எதற்கெடுத்தாலும் பதறுபவரும்: மனச்சிதைவு, பொதுப் பதற்றக் கோளாறு, இரண்டுக்கும் 6 மாதம். கடைசியில் அஞ்சடியில் பாதிக்கதவு சாத்திய கடை: நீடித்த மனச்சோர்வு, 2 ஆண்டு. இடங்களை உங்கள் ஊர்ப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வரிசை மட்டும் மாறக்கூடாது.

பெரும்பாலும் மதிப்பெண் போவது விதிவிலக்கில். மேனியாவுக்கு ஏழில் மூன்று; ஆனால் மகிழ்ச்சி இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தால் நான்கு. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய நிலை என்றால் நாள் கணக்கே கிடையாது. மனச்சிதைவில் ஐந்தில் இரண்டு அறிகுறிகள் ஒரு மாதம் இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றாவது பொய்நம்பிக்கை, மாயப்புலன் (இல்லாததைக் கேட்பது, பார்ப்பது), சிதறிய பேச்சு ஆகிய மூன்றில் ஒன்று. மொத்தப் பாதிப்பு ஆறு மாதம். பிடிஎஸ்டிக்கு 1-1-2-2 என்று போன் எண்போல் வைத்துக்கொள்ளுங்கள்: மீள்நினைவு ஒன்று, தவிர்த்தல் ஒன்று, எண்ணமும் மனநிலையும் மாறுவதில் இரண்டு, உஷார்நிலையில் இரண்டு.

தூக்கம் மனச்சோர்வு, மேனியா இரண்டு பட்டியலிலும் வருவதால் இடறுவீர்கள். மனச்சோர்வில் தூக்கம் வராமல் உடம்பு துவளும். மேனியாவில் மூன்று மணிநேரம் தூங்கியவர் புத்துணர்ச்சியோடு எழுவார். இந்த இரண்டு அட்டைகளையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள்.

இன்னொரு பொறி, குடிப்பழக்கத்தைக் கேட்டறியும் 'கேஜ்' (CAGE). குறைக்க நினைத்தது, பிறர் சொன்னால் கோபம், குற்ற உணர்வு, காலையில் கண்திறந்ததும் குடி என்ற நான்கு கேள்விகள். சம்சு குடிப்பவரிடம் கேட்க மிகப் பயனுள்ளவைதான், ஆனால் அது வடிகட்டும் சல்லடை மட்டுமே. குடிநோயை உறுதிசெய்ய டிஎஸ்எம்-5இல் 12 மாதத்துக்குள் பதினொன்றில் இரண்டு வேண்டும்: 2-3 லேசானது, 4-5 மிதமானது, 6ம் அதற்கு மேலும் கடுமையானது.

உங்கள் துறை எந்த நூலைப் பின்பற்றுகிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலான ஐசிடி-11இல் மனச்சிதைவுக்கு ஒரு மாதமே போதும். அதன் மனச்சோர்வுப் பட்டியலில் நம்பிக்கையின்மையும் சேர்ந்து பத்தாகிறது. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினால் கலந்துவிடும்.

பயிற்சிக்கு வெற்றுத்தாள் போதும். அட்டையைப் பார்க்காமல் நான்கு வரியும் எழுதி, தவறை மட்டும் சிவப்பில் திருத்துங்கள். அதே நோயை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். நாளுக்கு மூன்று நோய்க்கு மேல் வேண்டாம். சிவப்பே விழாத அட்டையைக் கட்டின் அடியில் தள்ளிவிட்டு, சிவப்பு விழுந்ததை மேலே வையுங்கள்.