பல நிறுவனங்கள் மாறிய பங்குத் தரகர்: அமெரிக்க முதலீட்டாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் தரகர் முப்பது ஆண்டுகளில் ஐந்து நிறுவனங்களில் இருந்ததாக, அமெரிக்கத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் புரோக்கர்செக் என்னும் பொது இணையப் பதிவு காட்டுகிறது. இவரை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஏ.ஜி. எட்வர்ட்ஸ் என்ற தரகு நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர், 2007இல் அதை வாக்கோவியா வாங்கியதாலும், பின்னர் வாக்கோவியாவை வெல்ஸ் ஃபார்கோ வாங்கியதாலும், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமலேயே மூன்று பெயர்களைத் தம் பதிவில் சேர்த்திருப்பார். பெயின்வெபரை 2000இல் யுபிஎஸ் வாங்கியபோது அங்கிருந்தவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே முதலில் நிறுவன இணைப்புகளால் வந்த பெயர்களைக் கழித்துவிட்டு, அவராகவே மாறியவற்றை மட்டும் எண்ணுங்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று சிறு நிறுவனங்களுக்கிடையே தாவியிருந்து, அவற்றில் சில பிற்பாடு ஃபின்ராவால் வெளியேற்றப்பட்டவையாகவும் இருந்தால், நானாக இருந்தால் அவரிடம் கணக்குத் தொடங்க மாட்டேன்.

கேள்வி: அவர் ஏன் விலகினார் என்பதை அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. தரகர் விலகிய 30 நாட்களுக்குள் பழைய நிறுவனம் யு5 என்னும் படிவத்தில் காரணத்தைத் தெரிவித்தாக வேண்டும். முறைகேட்டுப் புகாரை ஒட்டி நீக்கப்பட்டிருந்தாலும், ‘தாமே விலக அனுமதிக்கப்பட்டார்’ என்றிருந்தாலும், அது புரோக்கர்செக்கில் தெரியும். இந்த இரண்டாவது சொற்றொடர் பார்வைக்குச் சாதுவானது. ஆனால் கூர்ந்து படிக்க வேண்டியதும் அதுதான்.

கேள்வி: இடையில் மூன்றாண்டு இடைவெளி இருக்கிறதே?

பதில்: அது மட்டுமே குறையாகாது. இரண்டாண்டுக்கு மேல் எந்த நிறுவனத்திலும் தரகராகப் பதிவு பெறாமல் இருந்தவர் பொதுவாகத் தகுதித் தேர்வை மீண்டும் எழுத வேண்டும்; தொடர்கல்வித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2022 முதல் ஐந்தாண்டு வரை சலுகை உண்டு.

கேள்வி: புதிய நிறுவனத்துக்குக் கணக்கை மாற்றச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: அவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் தங்கினால் தள்ளுபடியாகும் கடன் என்ற பெயரில் பெருந்தொகை தரும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. பழைய நிறுவனத்துக்கே உரிய சில நிதித் திட்டங்களை அப்படியே எடுத்துச் செல்ல முடியாமல் விற்க நேரிடலாம்; அப்போது வரியும் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். மாறும்படி அவர் உங்களை அணுகினாலே, ஃபின்ராவின் 2273ஆம் விதிப்படி புதிய நிறுவனம் இவற்றைப் பற்றிய விளக்கக் குறிப்பை உங்களுக்குத் தர வேண்டும். அதைப் படித்து முடிக்கும் முன் மாற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.