புள்ளி முதலில், எழுத்து பிறகு

அன்புள்ள அக்கா,

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை முதல் இரவு வரை எக்செல், ஜிஎஸ்டி, பேக்கிங் லிஸ்ட். கல்லூரியில் கவிதை எழுதியவன், இப்போது கற்பனையே வற்றிவிட்டது. படைப்பூக்கத்தை வளர்க்க ஆன்லைனில் பணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். தினமும் நான்கு மணிக்கு எழுந்து தோன்றியதை எல்லாம் எழுதச் சொன்னார்கள், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏஐ வந்தபிறகு இதெல்லாம் தேவையா என்றும் தோன்றுகிறது. வேலையை விட்டால்தான் வழி பிறக்குமா? கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

வேலையை விடாதீர்கள். நான்கு மணிக்கு எழ வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். வகுப்புக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். ஏஐ பற்றி என்னிடம் கேட்காத ஆளே இல்லை, இன்றைக்கு அதை விட்டுவிடுவோம்.

உங்கள் வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டு, கவிதை எழுதிய கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தீர்கள் (அதை நான்தான் வெட்டினேன்). அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வரிதான் இருக்கிறதென்றால், தம்பி, நீங்கள் அங்கே இல்லவே இல்லை என்று அர்த்தம்.

என் தம்பி மகன் சமீபத்தில் காயலான் கடையிலிருந்து ஒரு தமிழ் டைப்ரைட்டரை வாங்கிவந்து ஷோகேஸில் அழகுக்கு வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததிலிருந்து முத்தையா ஞாபகமாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர், தமிழுக்கு டைப்ரைட்டர் கண்டுபிடித்தவர். கவனியுங்கள், விஞ்ஞானி இல்லை, குமாஸ்தா. உங்களைப் போல ரசீதும் கடிதமுமாகவே நாள் கழிந்திருக்கும்.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். நம் எழுத்துகள் 247, ஆங்கில மெஷினிலோ சாவிகள் ஐம்பதுகூடத் தேறாது. ஆளுக்கொரு சாவி கொடுத்தால் மெஷின் ஆர்மோனியம் அளவுக்கு நீண்டுவிடும். எனவே எழுத்தைப் பிரித்துப் போட்டார், கொம்பு தனியாக, கால் தனியாக. அதுவரைக்கும் சரி, பக்கத்தில் வருபவை பக்கத்தில் விழும். ஆனால் மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளியை என்ன செய்வது? சாதாரண சாவியை அடித்தால் தாளைப் பிடித்திருக்கும் கேரேஜ் ஒரு இடம் நகர்ந்துவிடும், புள்ளி எழுத்துக்கு மேலே விழாமல் தள்ளிப்போய் விழும். அதற்குத்தான் நகராத சாவி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘டெட் கீ’ என்போம். அதை அடித்தால் புள்ளி மட்டும் பதியும், கேரேஜ் அசையாது. பிறகு எழுத்தை அடித்தால் அதே இடத்தில் சரியாக அதன் கீழே வந்து உட்காரும், அதன்பின்தான் நகரும். அதாவது ‘ழ்’ அடிக்க முதலில் புள்ளி, பிறகு ‘ழ’. கையால் எழுதும்போது கடைசியில் வைப்பதை இங்கே முதலில் வைக்க வேண்டும். கு, மு என்று உருவமே மாறிப்போகிற பல எழுத்துகளிடம் இந்தத் தந்திரம் செல்லாது, அவற்றுக்குத் தனிச் சாவி. இப்படி ஒவ்வொரு எழுத்தோடும் மல்லுக்கட்டி வந்த மெஷின்தான் ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது.

இதில் எங்கே இருக்கிறது நீங்கள் தேடும் ‘கற்பனை’? ஒரு சின்னப் புள்ளி தள்ளிப்போய் விழுகிறதே என்ற எரிச்சலை ‘போகட்டும்’ என்று விடாமல் வைத்துக்கொண்டதில்தான் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த படைப்பூக்கம். வகுப்பில் இதைச் சொன்னால் பணம் கட்ட ஆள் வராது.

எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஜாப் டைப்பிங் செய்யும் ஒரு அம்மா இருந்தார். நான் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை முடித்துவிட்டுப் பழக்கத்துக்காக அவரிடம் போய் உட்கார்வேன். பத்திரத்தாளில் தப்பு விழுந்தால் தாளே வீண், கட்சிக்காரர் உயிரை எடுத்துவிடுவார். அந்த அம்மா கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளமாக வெட்டி, எங்கே ஓரம் விட வேண்டும், எந்த வரியோடு நிறுத்தினால் கையெழுத்துக்கு இடம் இருக்கும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பத்திரத்தாளுக்கு ஒன்று, மனுவுக்கு ஒன்று. நிலத்தின் நான்கெல்லை எழுதும் இடத்தை மட்டும் வெற்றுத்தாளில் முதலில் அடித்துப் பார்ப்பார், ஏனென்றால் கட்சிக்காரர்கள் அங்கேதான் கடைசி நிமிடத்தில் மாற்றுவார்கள், வடக்கே சித்தப்பா நிலம் என்று சொன்னவர் இல்லை இல்லை, பெரியப்பா நிலம் என்பார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரிடம் போய் ‘நீங்கள் படைப்பாளி’ என்று சொல்லியிருந்தால் காதில் வாங்காமல் அடுத்த தாளைச் செருகியிருப்பார்.

கவிதை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை, எழுதுங்கள். ஆனால் வேலைதான் அதைக் கொன்றது என்று பழி போடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பகலைக் கழிக்கிறவனுக்கு ராத்திரியில் மட்டும் எப்படிக் கண் திறக்கும்? திட்டுகிறேன் என்று நினைத்தால் ஆமாம், திட்டத்தான் செய்கிறேன், உங்கள் வயதில் என்னை யாராவது திட்டியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்.

நீங்கள் அனுப்பிய கவிதைகளை இன்னும் திறக்கவில்லை. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த பேக்கிங் லிஸ்டில் மாதாமாதம் ஒரே இடத்தில் கணக்கு இடிக்கும், யாரையாவது கூப்பிட்டுக் கத்துவீர்கள், பிறகு கையால் திருத்தி அனுப்பிவிடுவீர்கள். எந்த இடம் அது, ஏன் இடிக்கிறது, சைஸ் வாரியாகப் பிரிப்பதிலா, அட்டைப்பெட்டி எண்ணிக்கையிலா என்று எனக்குப் புரிகிற மாதிரி விவரமாக எழுதி அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு கவிதைக்கு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா