450 அடி போர் காத்து விடுது, 1000 அடி போடலாமா?

காட்பாடியிலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். வீட்ல 450 அடி போர், மே மாசம் அரைமணி நேரம் ஓடினதும் வெறும் காத்துதான் வருது, ஏஜென்ட் தேங்காய் வச்சுப் பாத்துட்டு "இந்த மூலையில 1000 அடி போடுங்க சார்"ங்கறார், போடலாமா?

இப்போதைக்கு வேணாம்.

வேலூர் பக்கம் பெரும்பாலும் கெட்டிப்பாறை. மேல கொஞ்சம் மக்கின பாறை, அதுலதான் மழைத்தண்ணி ஊறி நிக்கும், அதுக்குக் கீழ விரிசல் இருந்தாத்தான் தண்ணி, ஆழம் போகப்போக விரிசலும் குறைஞ்சு இறுகிடும். தேங்காய் நட்டமா நிக்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அடிக்கு இவ்ளோன்னு கமிஷன் வாங்கறவரு போதும் நிறுத்துங்கன்னு சொல்வாரா? கீழ இறங்க இறங்க அடி ரேட்டும் ஏறும், மேல் மண்ணு சரியாம இருக்க இறக்கற கேசிங் பைப் எத்தனை இறங்குச்சுன்னு நீங்களே நின்னு எண்ணலன்னா பில்லுல வேற கணக்கு வரும், கடைசில புழுதி மட்டும் பறந்தாலும் காசு குடுத்தே ஆகணும்.

மழை நமக்குக் கம்மியில்ல, வருஷத்துக்கு சுமார் 900 மி.மீ., ஆடி ஆவணில சாயங்கால இடிமழை, ஐப்பசி கார்த்திகையில புயல் மழை. ஆனா எல்லாம் சில நாள்ல கொட்டிட்டு ஓடிடுது, 2021 நவம்பர்ல பாலாத்துல எப்படி வெள்ளம் போச்சுன்னு பாத்தோமே. வாசல் பூரா சிமெண்ட் போட்டு வச்சா தண்ணி எங்க இறங்கும்? ஒரு ராத்திரி 50 மி.மீ. பெஞ்சாலே 1000 சதுர அடி மாடியில 4,600 லிட்டர் விழுது, ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணி அப்படியே சாக்கடைக்கு. மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம், பிளான்ல குழி வரைஞ்சிருக்கும், வீட்ல போய்ப் பாத்தா அந்த எடத்துல பைக் நிக்கும், கேக்க நாதியில்ல.

மாடித்தண்ணிய ஜல்லி, மணல் போட்ட குழிக்கு விடுங்க, செப்டிக் டேங்க்லேர்ந்து நல்லா தள்ளி. நேரா போருக்குள்ள விடலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஓடற போர்ல விடவே கூடாது, உங்களது அரைமணி நேரம்தான்னாலும் ஓடற போர்தான். ஒரு சொட்டும் வராம சுத்தமா செத்த போர்னா மட்டும் விடலாம், அதுலயும் மாடித்தண்ணி மட்டும், முதல் மழைய வெளிய விட்டுட்டு, ஃபில்டர் வழியா, வாசல் கழுவின தண்ணி ஒரு சொட்டு போகக்கூடாது. போரே செத்துப்போச்சுன்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, அவருக்கு அது செத்தாத்தான் லாபம்.

இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி மெக்கானிக்கக் கூப்பிட்டு மோட்டார் எத்தனை அடியில தொங்குதுன்னு பாருங்க, 450 அடி போர்ல 300லயே விட்டு வச்சிருக்கறதும் உண்டு, அப்ப கீழ தண்ணி இருந்தாலும் மோட்டாருக்கு எட்டாது.